எதிரெதிரே உட்கார ஓர் ஊர்

கொலம்பஸ் என்றால் அமெரிக்காவிலேயே பலரும் ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ். இண்டியானாபோலிஸுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற சமதரை. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சிறு நகரம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு கடந்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் இந்தச் சின்ன ஊரில் மட்டும் அமெரிக்க அரசு ஏழு கட்டடங்களைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. அவற்றுள் அரண்மனையோ கோட்டையோ கிடையாது. ஒரு வங்கி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு செய்தித்தாள் அலுவலகம், ஒரு வீடு, மூன்று தேவாலயங்கள்.

2018ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானும் என் தோழியும் அங்கே இருந்தோம். கோயம்புத்தூரில் ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். அவளுக்கு வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகிற ஊர். அவளுடைய அப்பாவும் பட்டாளத்துக்காரர். படிப்பு முடிந்து அவள் சிகாகோவில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளரானாள். நான் சின்சினாட்டியில் குடியேறினேன். அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் அவளுடைய அப்பா தவறிப்போனார். ஊருக்குப் போய்க் காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தவள், போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்டீ" என்று அதோடு நிறுத்திக்கொண்டாள். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இடத்தைச் சொன்னவள் அவள்தான். முந்தைய வருடம் வெளிவந்திருந்த 'கொலம்பஸ்' என்ற படத்தைப் பார்த்திருந்தாள். கொகொநாடா என்கிற இயக்குநரின் முதல் முழுநீளப் படம். கட்டடக்கலைப் பேராசிரியரான தந்தை நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்க, அவரோடு அதிகம் பேசியே பழகாத மகன் இந்த ஊருக்கு வந்து காத்திருக்கிறான். உள்ளூர்ப் பெண் ஒருத்தி அவனை ஒவ்வொரு கட்டடமாக அழைத்துப் போய்க் காட்டுகிறாள். "அந்த ஊரை ஒரு தரம் பார்க்கணும்" என்றாள் தோழி. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

கிழக்கிலிருந்து நான் முதலில் வந்து சேர்ந்துவிட்டேன். அவள் மேற்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சிவப்பு வளைவு கொண்ட ஒரு பாலத்தைத் தாண்டி, சிவப்புக் கம்பிவடங்கள் தாங்கும் இன்னொரு பாலத்தின் வழியே ஊருக்குள் நுழைந்திருந்தாள். காரை விட்டு இறங்கியதும் அவள் பேசியது பாலத்தைப் பற்றித்தான். இரண்டாவது பாலத்தின் மேல் வரும்போது, வடங்களுக்கு நடுவே 1874இல் கட்டிய நீதிமன்றத்தின் மணிக்கூண்டு நேராகக் கண்ணில் படும்படி அமைத்திருக்கிறார்களாம். "பாலம் போடறவங்க ஆத்தைத் தாண்டறதோட நிறுத்திக்கலடீ. ஊருக்குள்ள வர்றவன் முதல்ல எதைப் பார்க்கணும்னு யோசிச்சிருக்காங்க" என்றாள். அவள் குரலில் பழைய உற்சாகத்தைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த ஊரின் பெயர் தெரியாவிட்டாலும், இங்கே பிறந்த ஒரு நிறுவனத்தின் பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். மின்வெட்டுக் காலத்தில் கல்யாண மண்டபங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பின்னால் நின்று உறுமிய ஜெனரேட்டர்களில் கம்மின்ஸ் என்ற பெயரைப் பார்த்திருப்போம். அந்த கம்மின்ஸின் தாய்வீடு இதுதான். உள்ளூர் வங்கியாளர் வில்லியம் இர்வின் வீட்டில் கார் ஓட்டி, அதைப் பழுதும் பார்த்துக்கொண்டிருந்தவர் கிளெஸி கம்மின்ஸ். டீசல் என்ஜின் மீது அவருக்கிருந்த பித்தை நம்பி இர்வின் பணம் போட, 1919இல் கம்பெனி தொடங்கியது. முதல் லாபத்தைப் பார்க்க 1937 வரை காத்திருந்தார்கள். 1962இல் புனேயில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தார்கள். இன்றைக்கு கொலம்பஸ் தெருக்களில் இந்திய முகங்கள் நிறையத் தென்படுவதற்கு இந்தத் தொடர்பே காரணம். நாங்கள் நடந்த ஆற்றங்கரைப் பூங்காவில் மராத்தியும் தெலுங்கும் காதில் விழுந்தன.

அந்தக் கம்பெனியைப் பெரிதாக்கியவர் இர்வினின் சகோதரியின் பேரன் ஜோசஃப் இர்வின் மில்லர். 1909இல் பிறந்து 2004இல் மறைந்தவர். யேலில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றுவிட்டு என்ஜின் தொழிலுக்குள் வந்த மனிதர். 1960 முதல் 1963 வரை அமெரிக்காவின் தேசியத் திருச்சபைகள் மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். பாதிரியாராக இல்லாத ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் பேரணிக்கு அந்த மன்றமும் துணைநின்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஊரில் பிள்ளைகள் பெருகினார்கள். பள்ளிக்கூடங்கள் போதவில்லை. அவசரமாக எழுப்பிய கட்டடங்கள் மில்லருக்குத் திருப்தி தரவில்லை. 1954இல் பள்ளிக் குழுவிடம் ஒரு யோசனையை வைத்தார்: நாட்டின் தேர்ந்த கட்டடக் கலைஞர்களின் பட்டியல் ஒன்று தருவோம், அதிலிருந்து யாரை வேண்டுமானாலும் நீங்களே தேர்ந்தெடுங்கள், அவருக்கான கட்டணத்தை கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். கட்டுமானச் செலவு ஊருடையது. கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் அறக்கட்டளை தலையிடாது. ஹாரி வீஸ் வடிவமைத்த லில்லியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி 1957இல் திறந்தது. பிறகு மற்றப் பொதுக் கட்டடங்களுக்கும் அதே ஏற்பாடு விரிந்தது. கம்பெனிக்கு நல்ல பொறியாளர்கள் வேண்டும்; அவர்கள் இந்தச் சோளக்காட்டு ஊருக்கு வந்து பிள்ளைகுட்டிகளோடு தங்க வேண்டுமென்றால் நல்ல பள்ளிகள் வேண்டும் என்கிற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கை ஊர் முழுவதற்கும் நன்மையாகும்படி போட்டார் என்பதே அவருடைய பெருமை.

மில்லரின் இந்த ஈடுபாட்டுக்கு வேர் ஒரு நட்பில் இருக்கிறது. 1942இல் ஐந்தாம் தெருவில் முதல் கிறிஸ்தவ தேவாலயத்தைக் கட்டியவர் பின்லாந்திலிருந்து வந்த எலியேல் சாரினன். அமெரிக்காவின் முதல் நவீனபாணித் தேவாலயங்களில் ஒன்று அது. மில்லரின் குடும்பம் அந்தச் சபையைச் சேர்ந்தது. கட்டட வேலையில் தந்தையோடு இருந்த மகன் ஈரோ சாரினனும் இர்வின் மில்லரும் அப்போது நண்பர்களானார்கள். இருவருக்கும் முப்பதைத் தொட்ட வயது. ஒருவருக்கு வடிவத்தில் தாகம், இன்னொருவருக்கு இறையியலிலும் ஊரின் நன்மையிலும். அந்த நட்பு நீடித்த காலத்தில் ஈரோ இந்த ஊருக்கு மூன்று கட்டடங்களைத் தந்தார்: ஒரு வங்கி, மில்லர் குடும்பத்துக்கு ஒரு வீடு, இன்னொரு தேவாலயம். செயின்ட் லூயிஸின் பெரிய வளைவாலும் நியூயார்க் விமான நிலையத்தின் டி.டபிள்யூ.ஏ. முனையத்தாலும் உலகம் ஈரோவை அறியும். அவரைப் புரிந்துகொள்ள இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை காலை ஐந்தாம் தெருவில் நடையைத் தொடங்கினோம். ஒரு பக்கம் எலியேலின் தேவாலயம், 166 அடி உயரச் செங்கல் கோபுரத்தோடு. எதிர்ப்பக்கம் ஐ.எம்.பெய் வடிவமைத்து 1969இல் திறந்த கிளியோ ராஜர்ஸ் நினைவு நூலகம், அதுவும் செங்கல்லிலேயே. பாரிஸின் லூவ்ர் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடை நிறுத்தியவர், இங்கே தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூத்த கட்டடத்துக்கு மரியாதை தந்து தாழ்வாகக் கட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஹென்றி மூரின் வெண்கல வளைவு, 20 அடி உயரத்தில் பச்சையேறி நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தோழி அதன் காலடியில் கையை வைத்துப் பார்த்தாள். "இதுக்கு வேலி போடலையே" என்று சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை அதன் வழியே நுழைந்து வந்தாள்.

அங்கிருந்து வாஷிங்டன் தெருவுக்குப் போனோம். 1954இல் ஈரோ கட்டிய இர்வின் யூனியன் வங்கி அங்கே இருக்கிறது. மில்லர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த வங்கி. தாழ்ந்த ஒற்றை மாடி, நாற்புறமும் கண்ணாடிச் சுவர், கூரையில் ஒன்பது சிறு கும்மட்டங்கள், சுற்றிலும் மரங்கள். அந்தக் காலத்து வங்கி என்றால் கல்தூண்களும் கம்பிக் கூண்டுகளும்தான். கூண்டுக்குள் காசாளர், வெளியே கைகட்டி நிற்கும் விவசாயி. இங்கே கூண்டை அகற்றினார்கள். காசாளரும் வாடிக்கையாளரும் திறந்த மேசைக்கு இருபுறமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். கடன் கேட்க வருகிறவர் மிரளக்கூடாது என்பதே அந்த வடிவத்தின் உட்பொருள். வங்கி 2009இல் மூடப்பட்டது. கட்டடம் இப்போது கம்மின்ஸின் கூட்ட அரங்கம். அன்று விடுமுறை என்றாலும் வெளியில் நின்றபடியே உள்ளே முழுவதும் பார்க்க முடிந்தது.

அவள் கண்ணாடியருகே வெகுநேரம் நின்றாள். பிறகு, அப்பா பென்ஷன் வாங்கப் போகும் வங்கியைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கிளம்புவாராம். சுவரில் இருக்கும் சிறு ஓட்டைக்குக் குனிந்து, உள்ளே இருப்பவரின் முகம் தெரியாமலே பேசுவார். "எல்லைல காவல் காத்த மனுஷன்டீ. அந்த ஓட்டைக்கு முன்னாடி குனிஞ்சு நிப்பாரு." இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது. அப்பாவைப் பற்றி அன்று அவள் சொன்ன முதல் செய்தி அது.

மதியம் அதே தெருவில் ஸாஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை. கிரேக்கச் சகோதரர்கள் 1900இல் தொடங்கியது. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியிலிருந்து வாங்கிவந்த பளிங்குச் சோடா ஊற்றுகள், செதுக்கிய மரத்தடுப்பு, தானே வாசிக்கும் ஒரு பெரிய இசைப்பெட்டி. உழைத்து மேலே வந்த குடியேறிகள் தங்கள் கடைக்கு வரும் குழந்தைகளுக்கென்று உலகத்தின் அழகான பொருள்களைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மில்லர் பிறப்பதற்கு முன்பே இந்த ஊரில் அப்படி ஒரு மனம் இருந்திருக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டோம். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே அந்த இசைப்பெட்டி எப்படிப் பாடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் மில்லர் வீட்டைப் பார்க்க ஏற்பாடு. சுற்றுலா மையத்திலிருந்து சிறு பேருந்தில் அழைத்துப் போனார்கள். 1957இல் முடிந்த வீடு இது. மில்லர் தம்பதியர் கடைசிவரை இங்கேதான் வாழ்ந்தார்கள். பிறகு குடும்பம் அதை இண்டியானாபோலிஸ் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட, 2011 முதல் பொதுமக்கள் பார்க்க முடிகிறது. ஒற்றைத் தளம், தட்டையான கூரை. தூண்கள் கூரையைச் சேரும் வரிசைகளில் கண்ணாடி வைத்து மேலிருந்து வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார் ஈரோ. தோட்டம் டான் கைலியுடையது, உள்ளலங்காரம் அலெக்சாண்டர் ஜிரார்டுடையது. 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளின் கண்காட்சியை அமைத்தவர் அந்த ஜிரார்டு. 50 அடி நீளத்துக்கு ஒரு சுவர் முழுவதும் அலமாரிகள். பல நாட்டு நாட்டுப்புறக் கலைப்பொருள்கள் அவற்றில் இருந்தன.

கூடத்தின் நடுவில் தரையைச் சதுரமாகத் தோண்டி, படியிறங்கிப் போய் உட்காரும்படி ஓர் இடம். சுற்றிலும் மெத்தை, வண்ண வண்ணத் தலையணைகள். பருவத்துக்குப் பருவம் அவற்றின் நிறத்தை மாற்றுவார்களாம். அதற்குள் உட்கார்ந்தால் வீட்டில் நடமாடுகிறவர்களின் கால் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். உங்களுக்கு நேர் எதிரே இன்னொரு முகம் இருக்கும். பெரிய நாற்காலி, சின்ன நாற்காலி என்ற பேதம் அங்கே இல்லை. வந்தவர் மந்திரியானாலும் பக்கத்து வீட்டுப் பையனானாலும் ஒரே உயரம். ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீடு அது.

எங்களை அதற்குள் இறங்க விடவில்லை; விளிம்பில் நின்று பார்த்தோம். தோழி என் காதருகே சொன்னாள்: "வங்கியில செஞ்சதையே வீட்டுலயும் செஞ்சிருக்கார் பார்." எனக்கு அது அந்த நொடியில்தான் விளங்கியது. கம்பிக் கூண்டை எடுத்த அதே கை, வீட்டின் நடுவே இந்தச் சதுரத்தையும் தோண்டியிருக்கிறது. மனிதர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி உட்கார வைப்பதுதான் இந்த நண்பர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை.

மாலையில் நீதிமன்றத்தின் முன்புல்வெளிக்கு வந்தோம். 1997இல் அமைத்த போர் நினைவிடம் அங்கே இருக்கிறது. 40 அடி உயரச் சுண்ணாம்புக்கல் தூண்கள் 25, ஐந்து ஐந்தாக நெருக்கமாக நிற்கின்றன. இடைவெளிகளுக்குள் நுழைந்தால் கல்லில் எழுத்துகள். இந்த மாவட்டத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுப் போர்களுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களோடு, அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் செதுக்கியிருக்கிறார்கள். வீரத்தைப் பற்றிய பெரிய வார்த்தைகள் அவற்றில் இல்லை. வீட்டு நினைப்பும் அன்றாட விசாரிப்பும்தான். ஆள் உயரத்தில் இருக்கும் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள் அவள்.

ஒரு தூணருகே நின்று பேச ஆரம்பித்தாள். அவளுடைய பால்யம் முழுக்க அப்பா வீட்டுக்கு வந்தது இன்லேண்டு லெட்டரில். அனுப்புநர் முகவரியில் எந்த ஊரும் இருக்காது, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மாட்டுக்குத் தீவனம் வாங்கியாயிற்றா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பெரியவளுக்குக் கணக்கில் எத்தனை மார்க் என்று போகும். அவர் இருந்த பனியைப் பற்றியோ பக்கத்தில் விழுந்த குண்டைப் பற்றியோ ஒரு வரி வராது. ஓய்வுபெற்று வீட்டோடு வந்தபின் கடிதம் நின்றது. பேச்சும் வரவில்லை. திண்ணையில் பேப்பரோடு உட்காருவார். இவள் உள்ளே படித்துக்கொண்டிருப்பாள். இவள் அமெரிக்காவுக்கு வந்ததும் வாரம் ஒருமுறை போன். "சாப்பிட்டியாம்மா, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும்.

"அவருக்கு எதிர்ல உட்கார்ந்து நான் பேசினதே இல்லடீ. பயமும் இல்ல, கோபமும் இல்ல. எங்க வீட்டுல அப்படி ஒரு இடமே இல்ல. அவருக்குத் திண்ணை, எங்களுக்கு அடுப்படி."

கல்லூரிக் காலத்தில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். தெருவில் ஒன்றிரண்டு பேர் எங்களைக் கடந்துபோனார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் போலிருக்கிறது. ஒருவர் தொப்பியைத் தொட்டு மரியாதை காட்டிவிட்டு நடந்தார். விடுதிக்குத் திரும்பியபின் இரவு வெகுநேரம் வரை அவள் பேசினாள். கட்டிலின் இரு முனைகளில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் கையெழுத்து, மீசை, அவர் போடும் டீ, கடைசி வாரத்தில் அவர் கேட்ட இளநீர் என்று மாதக்கணக்கில் உள்ளே அடைந்துகிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

ஞாயிறு காலை நார்த் கிறிஸ்டியன் தேவாலயத்துக்குப் போனோம். ஈரோவின் மூன்றாவது கொடை. 1961இல், 51 வயதில், மூளைக்கட்டிக்கான அறுவைச் சிகிச்சையைத் தாங்காமல் அவர் இறந்துவிட்டார். கட்டடம் அவர் இல்லாமலே 1964இல் முடிந்தது. ஆறுகோண வடிவம். மண்மேட்டுக்குள் பாதி புதைந்து தாழக் கிடக்கும் கூரை, அதன் நடுவிலிருந்து 192 அடி உயரத்துக்கு எழும் ஊசிக்கோபுரம், உச்சியில் சிலுவை. உள்ளே நுழையும் வழி மங்கலாக இருக்கும். சில அடிகள் நடந்து பிரதான அறைக்குள் வந்தால், கோபுரத்தின் அடியிலுள்ள திறப்பிலிருந்து வெளிச்சம் நடுவில் இறங்குகிறது. அந்த நடுவில் திருவிருந்து மேசை. மேசையைச் சுற்றிப் படிப்படியாக உயரும் இருக்கைகள்.

மில்லர் சார்ந்திருந்த 'கிறிஸ்துவின் சீடர்கள்' சபையில் ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து உண்டு. விசுவாசிகள் அனைவருக்கும் அந்த மேசை பொது. அதனால் பலிபீடத்தைத் தூரத்தில் உயரமாக வைக்காமல் மேசையை நடுவில் வைத்தார் ஈரோ. நாங்கள் பின்வரிசையில் அமர்ந்தோம். பெரிய அறைக்கு அன்று வந்திருந்தவர்கள் குறைவு, பெரும்பாலும் முதியவர்கள். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததால் ஒவ்வொருவரும் மற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடும்போது எதிர்வரிசைக்காரரின் வாயசைவு தெரிந்தது. நோயுற்றிருக்கும் ஒருவருக்காக ஜெபித்தபோது, அவருடைய மனைவி யார் என்று அந்நியர்களான எங்களுக்கும் தெரிந்தது, எல்லாருடைய கண்ணும் அவரிடம் போனதால். நாங்கள் இருவரும் இந்துக்கள். அந்த ஒரு மணி நேரம் எங்களை யாரும் வெளியாராக வைக்கவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து தோழியின் கையைப் பற்றி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். கம்மின்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இந்தியா என்றதும் முகம் மலர்ந்து, புனேயில் சாப்பிட்ட மாம்பழத்தைப் பற்றிப் பேசினார். பெற்றோர் இருக்கிறார்களா என்று கேட்டார். "அப்பா இந்த வருஷம் தவறிட்டார்" என்று அவள் தயக்கமில்லாமல் சொன்னாள். முந்தைய நாள் காலையில் அந்த வாக்கியம் அவளிடமிருந்து வந்திருக்காது.

திரும்பும் வழியில் நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தைப் பார்த்தோம். ராபர்ட் வென்சூரி 1960களின் பிற்பாதியில் வடிவமைத்தது. குழாய்களைக் காயவைக்கும் கோபுரத்தின் மேல் பெரிதாக 4 என்று எழுதியிருக்கும். எந்தக் குழந்தையும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளும். இந்த ஊரில் சிறைச்சாலைக்கும் தேர்ந்த கட்டடக் கலைஞரைத்தான் அழைத்திருக்கிறார்கள். நல்ல வடிவம் கோயிலுக்கும் பணக்காரர் வீட்டுக்கும் மட்டும் உரியது என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. தீயை அணைக்கப் போகிறவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவரும் தாய்க்கும், கடன் கேட்டு வருகிற உழவருக்கும் அது வேண்டும் என்று நினைத்தார்கள்.

2022இல் நார்த் கிறிஸ்டியன் சபையின் வழிபாடு நின்றுபோனது. ஆட்கள் குறைந்து, அவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடியவில்லை. செய்தியைப் படித்ததும் தோழியைப் போனில் அழைத்தேன். அவளும் படித்திருந்தாள். நாங்கள் பேசிய பெரியவரை இருவரும் நினைத்துக்கொண்டோம். கட்டடம் மட்டும் ஒரு சமூகத்தைக் கட்டிக்காத்துவிடாது என்பது உண்மை. அதே அளவு உண்மை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு ஞாயிறும் அங்கே சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதும். அவர்களுக்கு அது ஓர் ஆயுள்.

அவள் ஊரில் அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது. விற்றுவிடலாம் என்றார்கள் உறவினர்கள். அவளும் அம்மாவும் அக்காவும் கூடிப் பேசி, முன்கட்டை ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பகமாகக் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள். பட்டாளத் தேர்வுக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் தயாராகிற பையன்களும் பெண்களும் அந்த ஊரில் ஏராளம். மேஸ்திரியே போதும், இதற்கெல்லாம் யாராவது ஆர்க்கிடெக்ட் வைப்பார்களா, அந்தப் பணத்தில் நாலு பீரோ வாங்கலாமே என்றார்கள். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வேலூரிலிருந்து ஓர் இளம் கட்டடக் கலைஞரை அழைத்து, அந்தப் பெண்ணுக்கான கட்டணத்தைத் தானே கொடுத்தாள். திண்ணை அப்படியே இருக்கிறது. திண்ணைக்கும் உள்ளுக்கும் இடையிலிருந்த சுவரில் அகலமான சன்னல் வந்திருக்கிறது. உள்ளே சுவரோரப் பெஞ்சுகள் இல்லை. நடுவில் நீள மேசை, இருபுறமும் இருக்கைகள். சந்தேகம் கேட்கிற பிள்ளைக்கும் சொல்லித்தருகிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்தான் தூரம்.

அந்தக் கட்டணம் வீண்செலவு என்று இன்னும் சொல்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவில், அது எப்படி இருக்கவேண்டும் என்று யோசிப்பவருக்குக் கொடுப்பது சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்கை மிச்சம் பிடித்தால், அதன் விலையை அங்கே தினமும் வந்துபோகிறவர்கள் வருடக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வங்கிச் சுவரின் ஓட்டைக்கு முன்னால் குனிந்து நின்ற ஒரு பட்டாளத்துக்காரர் கொடுத்தது போல. கொலம்பஸில் மில்லர் அந்தப் பங்கைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். அதற்குப் பெரிய கம்பெனியின் முதலாளியாக இருக்கவேண்டும் என்றில்லை என்பதை என் தோழி ஒரு படிப்பகத்தைக் கட்டிக் காட்டிவிட்டாள்.